மேடையில் காட்டும் முன் மனுவைப் போடுங்கள்

2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படிப்பட்ட வட்டாரத்துப் பொறியியல் மாணவர்கள், மருந்துக் கலவை அறையின் வெப்பத்தை வயர்லெஸ்ஸில் அனுப்பும் கருவி செய்வதில் ஆச்சரியமில்லை. ஆனால் அதைக் கல்லூரி விழாவிலும் யூடியூபிலும் காட்டிவிட்டு, அப்புறம் காப்புரிமை கேட்கிறார்கள். ஊரே பார்த்ததைப் புதியது என்று எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார். அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி என்றால் பன்னிரண்டு மாத விலக்கு உண்டு. கல்லூரி அரங்கம் அதில் சேராது.

வயர்லெஸ்ஸுக்கே காப்புரிமை கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு தள்ளுவது கணித முறை, வணிக முறை, அல்காரிதம், வெறும் கணினி நிரல் ஆகியவற்றைத்தான். எரிக்சன்–லாவா கைபேசித் தொழில்நுட்ப வழக்கில் 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், எட்டுக் காப்புரிமைகளில் ஒன்றை ரத்து செய்து ஏழு செல்லும் என்றது. லாவா 244 கோடி ரூபாய் தரவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சிக்னல் போகும் முறையிலேயே புதுமை இருந்தால் தரலாம் என்பது என் எண்ணமும். கடையில் வாங்கிய வைஃபை மாட்யூலைச் சென்சாரோடு இணைத்ததற்குத் தரவே கூடாது.

செய்யவேண்டியது இது. படிவம் 1-ஐயும், படிவம் 2-இல் தற்காலிக விவரக்குறிப்பையும் காப்புரிமை அலுவலகத்தின் ஐபி இந்தியா இணையதளத்தில் போடுங்கள். தனிநபருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். கூடவே டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். சிறுதொழில் செய்பவர் உத்யம் சான்றிதழோடு படிவம் 28-ஐ இணைத்தால் அதே கட்டணம்தான். அலுவலகத்தின் சென்னைக் கிளை கிண்டியில்தான் இருக்கிறது, அதற்காகப் பஸ் ஏறவேண்டாம். பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போகாவிட்டால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். முதலில் மனு போட்ட நாளிலிருந்து 31 மாதத்துக்குள் பரிசோதனை கேட்டுப் படிவம் 18 கொடுக்கவேண்டும். இது தானாக நடக்காது, தனிக் கட்டணம். மறுபடி சொல்கிறேன்: தானாக நடக்காது.

காப்புரிமை அலுவலகத்தின் இதழில் மனு வெளியானதுமே ‘காப்புரிமை பெற்றோம்’ என்று வாசலில் பேனர் கட்டும் கல்லூரிகளை என்ன சொல்ல? படிவம் 9 கொடுத்துப் பணம் கட்டினால் எந்த மனுவும் சீக்கிரம் வெளியாகும். பரிசோதனை முடிந்து சான்றிதழ் வந்தால்தான் உரிமை.

அந்தச் சான்றிதழும் கருவியை ஆலைக்குள் மாட்ட அனுமதி ஆகாது. மின்பொறி கிளம்பக்கூடிய எதையும், சிவகாசியிலுள்ள வெடிபொருள் பாதுகாப்பு அலுவலகமான பெசோவில் கேட்காமல் மருந்து அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். சோதித்துப் பார்க்க என்று சொல்லிக்கூட வேண்டாம்.