புராஸ்டேட் பெருக்கத்திற்கு நீராவிச் சிகிச்சை

ஆடவரின் மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி அமைந்துள்ளது புராஸ்டேட் சுரப்பி. இளமையில் இதன் எடை ஏறத்தாழ 20 கிராம். ஐம்பது வயதுக்குப் பின் பலருக்கு இது பெருக்கத் தொடங்குகிறது. இப்பெருக்கம் புற்றுநோய் அன்று. எனினும் உள்ளே செல்லும் குழாய் நெருக்கப்படுவதால் சிறுநீர் மெலிந்து இறங்குகிறது. இரவில் பலமுறை எழ நேரிடுகிறது. இதனை மூப்பின் இயல்பென்று கருதியோ, வெட்கத்தினாலோ பலர் வெளியிற் சொல்வதில்லை. அடைப்பு நீடித்தால் சிறுநீரகங்களே பழுதடையக்கூடும்.

முதலில் கொடுக்கப்படுவது மருந்து. அது போதாவிடில், மூத்திரக் குழாயின் வழியே கருவியைச் செலுத்தி, மின்சாரக் கம்பி வளையத்தால் மிகைச் சதையைச் சீவியெடுப்பது நெடுநாளைய முறை. இன்றும் இது நம்பத்தக்கதே. ஆனால் மயக்க மருந்தும் ஆஸ்பத்திரியில் தங்குதலும் வேண்டும், இரத்தப்போக்கு உண்டு, பின்னர் பலருக்கு விந்து வெளிவராமல் மூத்திரப்பைக்குள் செல்கிறது.

ஆதலின் வெட்டாமல் வெப்பத்தாலேயே சதையைச் சுருக்கும் வழி தேடப்பட்டது. உடலணுக்கள் 50 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் விரைவில் மடிகின்றன. வெப்பம் உண்டாக்குவது எளிது. வேண்டிய இடத்தில் அதனை நிறுத்துவதே கடினம். மைக்ரோ அலைகளால் சூடேற்றும் கருவிக்கு அமெரிக்காவில் 1996-இல் அனுமதி கிடைத்தது. அதனால் சிலருக்குக் கடுங்காயங்கள் ஏற்பட்டதால் 2000-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது.

2015-இல் அங்கு அனுமதி பெற்ற நீராவி முறை, பள்ளியிற் கற்பிக்கப்படும் ஒரு விதியைப் பயன்படுத்துகிறது. ஒரு கிராம் நீராவி நீராகக் குளிரும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. கொதிநீரைக் காட்டிலும் ஆவி கொடிதாகச் சுடுவதும் இதனாலேயே. குழாய்வழிச் செலுத்திய கருவியிலிருந்து ஒரு மெல்லிய ஊசி சுரப்பிக்குள் நீள்கிறது. ஒவ்வொரு முறையும் 9 விநாடி நேரம், அரை மில்லிலிட்டருக்கும் குறைந்த நீர் ஆவியாய் உட்செல்கிறது. ஆவி அணுக்களின் இடைவெளிகளில் பரவி, அங்கேயே நீராகி, தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. சதை 70 டிகிரி அளவுக்குச் சூடேறுகிறது. சுரப்பியின் பகுதிகளைப் பிரிக்கும் உறைகள் ஆவியை எல்லை தாண்டாமல் தடுப்பது இம்முறையின் தனிச் சிறப்பு. செலுத்தும் நேரம் சில நிமிடங்களே.

பயன் உடனே தெரிவதில்லை. முதலில் வீக்கம் காண்பதால் சில நாட்கள் சிறுநீர் வடிகுழாய் வைக்க நேரும். மடிந்த சதையை உடல் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ள, முழுப்பயன் கிட்ட மூன்று மாதம் வரை ஆகலாம். முதல் வாரத்திலேயே சிகிச்சை வீணாயிற்றென்று கலங்குவோருக்கு இதனை முன்னரே சொல்லிவைத்தல் நலம். முதன்மையான ஆய்வு 30 முதல் 80 மில்லிலிட்டர் வரையுள்ள சுரப்பிகளிலேயே நடத்தப்பெற்றது. மிகப் பெருத்தவற்றிற்கு வேறு முறை தேவைப்படலாம். புற்றுநோய் இல்லையென்று வைத்தியர் முன்பே உறுதி செய்தலும் அவசியம்.

சிறுநீர் அறவே தடைப்பட்டு அடிவயிறு உப்பி வலித்தால், அது எந்தப் புதுச் சிகிச்சைக்கும் காத்திருக்கும் நிலை அன்று. மேலும் நீர் அருந்தச் செய்யாமல், நோயாளியை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்று வடிகுழாய் மூலம் சிறுநீரை இறக்க வேண்டும். மூக்கடைப்புக்காக உட்கொள்ளும் சில மாத்திரைகளும் இத்தடையைத் தூண்டுவதுண்டு. ஆதலின் அண்மையில் என்ன மருந்து உட்கொள்ளப்பட்டது என்பதையும் வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும்.