பயமுறுத்தினால் திருந்துவார்களா? சிறைக்குள் நடந்த ஓர் அறிவியல் சோதனை

அண்மையில் உயர்நிலை மூன்று வகுப்பில் 'நியாயமான சோதனை' பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எப்படியோ பேச்சு, கடையில் திருடிப் பிடிபடும் இளையர்கள் பக்கம் திரும்பியது. "ஒரு நாள் சிறைக்குள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டினா போதும் டீச்சர். பயந்துபோய்த் திருந்திடுவாங்க," என்றான் ஒரு மாணவன். வகுப்பே தலையாட்டியது.

கேட்பதற்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அறிவியலில் 'சரியாகப் படுகிறது' என்பது கருதுகோள் மட்டுமே. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கருதுகோளைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்கார் வாங்கிய திட்டம்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் அப்போது ராவே என்று அழைக்கப்பட்ட ஒரு சிறை இருந்தது. 1976இல் அங்கிருந்த ஆயுள் தண்டனைக் கைதிகள் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். சிக்கலில் மாட்டிய இளையர்களைச் சிறைக்குள் அழைத்து வருவார்கள். கைதிகள் அவர்கள் முகத்துக்கு நேரே கத்தி, சிறை வாழ்க்கையின் கொடுமையைச் சொல்லி நடுங்க வைப்பார்கள். இளையர்கள் நல்வழிக்குத் திரும்ப வேண்டும் என்பதே நோக்கம். கைதிகளும் அதை மனதாரத்தான் செய்தார்கள்.

1978இல் இதைப் பற்றி 'ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட்' என்ற ஆவணப்படம் வந்தது. அதில் 17 இளையர்கள் சிறைக்குள் போகிறார்கள். மூன்று மாதங்களுக்குப் பிறகு, ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஒழுங்காக இருக்கிறார்கள் என்று படம் சொன்னது. படத்துக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. பல இடங்களில் இதைப் போன்ற திட்டங்கள் முளைத்தன.

17 பேரில் 16 பேர்! இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று கேட்கிறீர்களா? ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் சோதனையை நினைத்துப் பாருங்கள். உரம் போட்ட செடி வளர்ந்துவிட்டது என்பதற்காக, உரத்தால்தான் வளர்ந்தது என்று சொல்ல முடியுமா? உரம் போடாத செடியும் அதே அளவு வளர்ந்திருக்கலாம் அல்லவா?

போகாதவர்கள் எப்படி இருந்தார்கள்?

இந்தக் கேள்வியை எழுப்பியவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபின்கெனவர். அவர் இளையர்களை இரு குழுக்களாகப் பிரித்தார். 46 பேர் ராவே சிறைக்குப் போனார்கள். 35 பேர் போகவில்லை. இவர்களே கட்டுப்பாட்டுக் குழு. ஆறு மாதங்கள் இரு குழுக்களையும் கவனித்தார்.

சிறைக்குப் போனவர்களில் 19 பேர் மீண்டும் குற்றம் செய்திருந்தார்கள். அதாவது ஏறத்தாழ 41 விழுக்காடு. போகாத குழுவில் 4 பேர் மட்டுமே, ஏறத்தாழ 11 விழுக்காடு.

முடிவு தலைகீழாக வந்தது. ஆனால் ஒரே சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. குழுக்கள் சிறியவை. குலுக்கல் முறையில் பிரிப்பதிலும் சில குளறுபடிகள் நடந்ததை ஃபின்கெனவரே ஒப்புக்கொண்டார். ஆகவே ஆண்டனி பெட்ரோசினோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் இத்தகைய சோதனைகளைத் தேடித் திரட்டினார்கள். 1967 முதல் 1992 வரை நடந்த ஒன்பது சோதனைகள், ஏறத்தாழ ஆயிரம் இளையர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதும் பதில் மாறவில்லை. இப்படிப் பயமுறுத்துவதைவிட ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால்கூட அந்த இளையர்களுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

ஏன் ஏமாந்தோம்?

காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரிடம் ஓடுகிறோம். உச்சத்துக்குப் போன காய்ச்சல் பெரும்பாலும் தானாகவே இறங்கத் தொடங்கும். ஆனால் பெயர் மருந்துக்குப் போய்விடும். அதேபோல், ஒரு பிள்ளையின் நடத்தை மிக மோசமாக இருக்கும் நேரத்தில்தான் பெரியவர்கள் அவனைச் சிறைக்குள் கூட்டிப்போகிறார்கள். அதற்குப் பின் கொஞ்சம் சீரானால், பயம் வேலை செய்தது என்று நினைக்கிறோம். கட்டுப்பாட்டுக் குழு இருந்தால்தான் இந்த மாயை விலகும்.

சரி, பயம் தீங்கு செய்தது ஏன்? இந்தச் சோதனைகள் காரணத்தைச் சொல்லவில்லை. ஆய்வாளர்கள் சில விளக்கங்களை முன்வைக்கிறார்கள். சிக்கலில் உள்ள பிள்ளைகளை ஒன்றாகச் சேர்க்கும்போது ஒருவரிடமிருந்து ஒருவர் கெட்டதைக் கற்றுக்கொள்ளலாம். மிரட்டினால் 'நான் பயந்தவன் இல்லை' என்று காட்டத் தோன்றலாம். நண்பர்கள் பார்க்கும்போது பதின்ம வயதினர் அதிகம் துணிந்து விடுகிறார்கள் என்பதும் ஆய்வுகளில் தெரிந்த உண்மை.

அப்படியானால் எதுதான் பலன் தருகிறது? கோபம் வரும்போது நிறுத்தி யோசிப்பது, 'எல்லாரும் எனக்கு எதிரி' என்பது போன்ற எண்ணங்களைச் சோதித்துப் பார்ப்பது, பிரச்சினைகளைப் படிப்படியாகத் தீர்ப்பது ஆகியவற்றைக் கற்பிக்கும் பயிற்சிகள், மீண்டும் குற்றம் புரிவதைக் குறைப்பதாகப் பல சோதனைகள் காட்டியுள்ளன. இதில் படம் எடுக்கும்படியான பரபரப்பு எதுவும் இல்லை. பல வாரங்கள் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை.

சிங்கப்பூர் எண்களைப் படிப்போம்

நம் நாட்டில் 1998இல் விடுதலையான கைதிகளில் 44.4 விழுக்காட்டினர் ஈராண்டுக்குள் மீண்டும் குற்றம் செய்து தண்டனை பெற்றார்கள். அண்மை ஆண்டுகளில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒருவராகக் குறைந்துள்ளது. இடைப்பட்ட காலத்தில் 2004இல் மஞ்சள் ரிப்பன் திட்டம் தொடங்கியது. சிறைக்குள் பள்ளி நடக்கிறது. கைதிகள் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். 2014 முதல், விடுதலைக்குப் பிறகும் கண்காணித்து ஆதரவளிக்கும் கட்டாயத் திட்டம் ஒன்றும் உள்ளது.

இது நல்ல செய்தி. ஆனாலும் அறிவியல் மாணவர்களாக மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஒரே காலத்தில் பல மாறிகள் மாறியிருக்கின்றன. எந்தத் திட்டம் எவ்வளவு உதவியது என்று இந்த ஓர் எண்ணால் சொல்ல முடியாது. இரண்டாவது, அளக்கும் காலம் முக்கியம். ஈராண்டுக்குப் பதில் ஐந்தாண்டு கணக்கிட்டால், மீண்டும் தண்டனை பெறுவோர் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மூன்றாவது, பிடிபடாதவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஐந்தாண்டுக் கணக்கு வேறு ஒன்றையும் சொல்கிறது. கதவு திறந்த நாளோடு மறுவாழ்வு முடிந்துவிடுவதில்லை. வேலை, வீடு, போதைப்பொருள் பழக்கத்திலிருந்து விலகி நிற்கும் முயற்சி, ஏற்றுக்கொள்ளும் குடும்பம் எல்லாம் ஆண்டுக்கணக்கில் தேவைப்படுகின்றன.

மறுநாள் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். 41, 11. அந்த மாணவன் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அப்போ அந்தப் பத்தொன்பது பேர்ல சில பேரு, போகாம இருந்திருந்தா தப்பிச்சிருப்பாங்களா டீச்சர்?"

இருக்கலாம் என்றேன். நல்ல எண்ணம் மட்டும் போதாது, சோதித்தும் பார்க்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். அடுத்த முறை யாராவது "இதைச் செய்தோம், எல்லாரும் திருந்திவிட்டார்கள்" என்றால், மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: "செய்யாதவர்கள் எப்படி இருக்கிறார்கள்?"