புகைத்த வரலாறும் நோயாளியின் உயிரும்

தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டையில் சுவாசக் குழாய் பொருத்தப்பட்ட நோயாளியால் பேச இயலாது. அவர் புகைத்தவரா, எத்தனை ஆண்டுகள், எப்போது நிறுத்தினார் என்பவற்றை உறவினரே கூறவேண்டும். புகையானது மூச்சுக்குழலின் உட்புறத்து நுண்மயிர்களைச் சிதைத்துவிடுவதால், சளி வெளியேறாது தங்கிக் கிருமிகளுக்கு இடமளிக்கிறது. இயந்திரச் சுவாசத்தினின்று அத்தகையவரை விடுவிப்பதும் கடினமாகலாம்.

இறந்தோரின் வரலாற்றுக்கும் குடும்பத்தாரே சாட்சி. டாக்டர் கஜலட்சுமி, ரிச்சர்டு பெட்டோ முதலியோர் சென்னை நகரிலும் தமிழகக் கிராமங்களிலும் இறந்த சுமார் 43,000 ஆடவரின் புகைப்பழக்கத்தை விசாரித்தறிந்து, உயிருடனிருந்த 35,000 பேருடன் ஒப்பிட்டு, 2003-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். புகை என்றதும் புற்றுநோயை மட்டுமே நினைப்போர் வியப்பர்: காசநோயால் மாளும் அபாயம் புகைத்தோருக்கு நான்கு மடங்குக்கும் மேற்பட்டிருந்தது. பீடி அவ்வளவு தீங்கற்றது என்னும் எண்ணமும் இங்கு நிலைபெறவில்லை. கிராமத்தார் பெரும்பாலும் புகைத்தது பீடியே.

அவ்வாய்வு, புகைப்பதை நிறுத்தியவரையும் புகைத்தவராகவே கணக்கிட்டது. ஆதலால் களப்பணியாளர், "புகைப்பதுண்டா?" என்று மட்டும் வினவுதல் போதாது. சென்ற மாதம் விட்டவரும் "இல்லை" என்றே விடையிறுப்பார். "எப்போதேனும் புகைத்ததுண்டா?" என்று கேட்டு, ஆண்டுகளையும் நாளொன்றுக்கு எத்தனை பீடி என்பதையும் குறித்துக்கொள்க.