மூன்று சுழி போட்டால் மங்கலம். இரண்டு சுழி போட்டால் மோசடி!

'போனி' என்ற இங்கிலீஷ் வார்த்தை பிறந்த கதை

காலை நேரம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கடை. கடைக்காரர் அப்போதுதான் சாம்பிராணி காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஓர் அம்மாள் வருகிறார். குவளை ஒன்றை எடுத்து, விரல் நகத்தால் தட்டிப் பார்க்கிறார். "டிங்" என்று மணி போலச் சத்தம் வருகிறது.

"நல்லாத் தட்டிப் பாருங்கம்மா. இன்னைக்கு நீங்கதான் போணி!" என்கிறார் கடைக்காரர்.

போணி என்றால் அன்றைய முதல் வியாபாரம். அது நல்லபடி நடந்தால் நாள் முழுவதும் நன்றாக நடக்கும் என்பது வியாபாரிகளின் நம்பிக்கை. காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கொள்வார்கள்.

இங்கிலீஷ்காரர்களிடமும் இதே மாதிரி ஒரு வார்த்தை இருக்கிறது. அது 'போனி'. ஆனால் அதற்கு அர்த்தமே வேறு. போலி, பொய், பித்தலாட்டம் என்பதுதான் அதன் பொருள்! கள்ளக் கையெழுத்து, பொய்ச் சிரிப்பு, வேஷக்காரன் எல்லாமே அவர்களுக்குப் 'போனி'.

மூன்று சுழி 'ணி' போட்டால் மங்கலம். இரண்டு சுழி 'னி' போட்டால் மோசடி. இரண்டு வார்த்தைகளுக்கும் உறவு கிடையாது. சத்தம்தான் ஒன்று போல இருக்கிறது.

தெருவிலே கிடந்த மோதிரம்

இங்கிலீஷ் 'போனி' எங்கே பிறந்தது? லண்டன் தெருவிலே, ஒரு பித்தளை மோதிரத்தில்!

18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. வெளியூர்க்காரர் ஒருவர் தெருவில் நடந்து போகிறார். அவருக்கு முன்னால் போகிற ஆசாமி சட்டென்று குனிகிறான். "அடடா! தங்க மோதிரம்!" என்று எடுக்கிறான். அது பளபளவென்று மின்னுகிறது.

"ஐயா, நீங்களும் பார்த்துவிட்டீர்கள். ஆளுக்குப் பாதி என்பதுதான் நியாயம். எனக்கு அவசரமாகப் போக வேண்டும். பாதி விலையைக் கொடுத்துவிட்டு மோதிரத்தை நீங்களே வைத்துக் கொள்ளுங்கள்" என்கிறான்.

வெளியூர்க்காரர் மனத்தில் கணக்கு ஓடுகிறது. பாதி விலைக்குத் தங்க மோதிரம்! பணத்தைக் கொடுக்கிறார். ஆசாமி மறைந்து விடுகிறான். பிறகு பார்த்தால் மோதிரம் பித்தளை. மேலே இருப்பது தங்க முலாம்! அதை அங்கே போட்டவனும் அவன்தான், எடுத்தவனும் அவன்தான்.

அயர்லாந்து மொழியில் மோதிரத்துக்குப் 'பான்யே' என்று பெயர். லண்டன் திருடர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட ரகசியப் பேச்சில் அது 'பானி' ஆயிற்று. மோதிரத்தைப் போட்டு ஏமாற்றும் வித்தைக்குப் 'பானி மோசடி' என்று பெயர் வந்தது. இந்த மாதிரித் தெருப் பேச்சு வார்த்தைகளையெல்லாம் திரட்டிப் பிரான்சிஸ் குரோஸ் என்பவர் ஓர் அகராதி செய்தார். அது 1785இல் முதலில் அச்சாயிற்று. அந்த அகராதியில் இந்த மோதிர வித்தையும் இடம் பெற்றது.

கப்பல் ஏறிய வார்த்தை

19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து, பெரும் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அந்த நூற்றாண்டு முடிகிற சமயத்தில் அமெரிக்கத் தெருக்களில் 'பானி' என்பது 'போனி'யாக மாறி உலவியது. மோதிரம் மறந்து போயிற்று. மோசடி மட்டும் வார்த்தையில் தங்கிவிட்டது.

பிறகு அதற்குப் பெரிய இடமும் கிடைத்தது. 1939 செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனி மீது போர்ப் பிரகடனம் செய்தன. ஆனால் மாதக் கணக்கில் மேற்கு எல்லையில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. "இது போனி யுத்தம்!" என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. 1940 மே 10ஆம் தேதி ஜெர்மன் படைகள் பாய்ந்தபோது, போலி யுத்தம் நிஜ யுத்தம் ஆகிவிட்டது.

நம் ஊரில் கள்ள ஓட்டுக்குப் 'போகஸ் ஓட்டு' என்று சொல்வதுண்டு. அந்தப் 'போகஸ்' என்ற வார்த்தைக்கும் பூர்வீகம் இப்படிப்பட்டதுதான். 1827இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கள்ளக் காசு அடிக்கும் கருவிக்கு அந்தப் பெயர் இருந்தது.

வார்த்தைக்கும் போலிக் கதை!

வேடிக்கை என்னவென்றால், இந்த வார்த்தைகளைப் பற்றியே போலிக் கதைகள் உண்டு. டெலிபோனில் முகம் தெரியாமல் பேசி ஏமாற்றலாம். அதனால்தான் 'போனி' என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மோதிரக் கதைக்குத்தான் பழைய அகராதிச் சான்று இருக்கிறது. டெலிபோன் வந்ததோ 1876இல்!

'சின்சியர்' என்ற வார்த்தையைப் பற்றியும் ஒரு கதை உலவுகிறது. உண்மையானவர், மனத்தில் கள்ளம் இல்லாதவர் என்று அதற்கு அர்த்தம். பழைய ரோமாபுரியில் சிலையிலும் பாத்திரத்திலும் விரிசல் விட்டால், மெழுகு பூசி மறைத்து விற்பார்களாம். யோக்கியமான தொழிலாளி "மெழுகு இல்லாதது" என்று சொல்லி விற்பானாம். அதிலிருந்து 'சின்சியர்' வந்ததாம். மொழி அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. கலப்பில்லாதது, சுத்தமானது என்ற பொருளுள்ள லத்தீன் வார்த்தையே அதன் மூலம். உண்மை என்று பொருள்படும் சொல்லுக்கே பொய்க் கதை கட்டிவிட்டார்கள்!

பித்தளை மேல் குற்றம் இல்லை

தமிழில் 'போலி' எப்படி வந்தது? 'போல' என்பதிலிருந்து வந்தது. ஒன்றைப் போல இருப்பது போலி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இலக்கணத்திலும் போலி படிக்கிறார்கள். 'அறம்' என்றாலும் 'அறன்' என்றாலும் பொருள் ஒன்றுதான். 'பந்தல்' என்றாலும் 'பந்தர்' என்றாலும் நிழல் ஒன்றுதான். ஓர் எழுத்தின் இடத்தில் வேறு எழுத்து வந்து நிற்கிறது. ஆனால் அர்த்தம் கெடவில்லை, யாரும் ஏமாறவில்லை.

ஆகவே, ஒன்றைப் போல இருப்பது பாவம் இல்லை. விருத்தாசலத்தில் செய்கிற பீங்கான் பொம்மைகளைப் பாருங்கள். கொலுவிலே பீங்கான் கிளி உட்கார்ந்திருந்தால், "இது நிஜக் கிளி இல்லையே!" என்று யாராவது சண்டைக்குப் போகிறார்களா? பித்தளைக் குத்துவிளக்கை வீட்டில் ஏற்றிக் கும்பிடுகிறோம். பித்தளை நல்ல உலோகம். அதைத் தங்கம் என்று சொல்லி விற்கும்போதுதான் அது 'போனி' ஆகிறது. குற்றம் பொருளில் இல்லை. அதைச் சொல்லி விற்கிற வாயிலே இருக்கிறது.

அந்தப் பழைய மோதிர வித்தை இன்றும் சாகவில்லை. "வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினோம், புதையல் கிடைத்தது. வெளியே தெரிந்தால் ஆபத்து. பாதி விலைக்குத் தருகிறோம்" என்று வருகிற பேர்வழிகள் நம் நாட்டிலும் உண்டு. முதலில் ஒரு துண்டு அசல் தங்கத்தைக் காட்டுவார்கள். பணம் கைமாறிய பிறகு கிடைப்பது பித்தளைக் குவியல்! பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை இப்படித் தோற்ற குடும்பங்கள் எத்தனையோ. வெளியே சொல்லவும் வெட்கம். மோசடிக்காரனுக்கு அந்த வெட்கமே பாதுகாப்பு.

சுந்தரர் எடுத்து வைத்த மச்சம்

இதற்கு மருந்து என்ன? விருத்தாசலத்திலேயே ஒரு பழைய கதை இருக்கிறது.

அந்த ஊருக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோவில் இருக்கிறது. அங்கே சுந்தரமூர்த்தி நாயனார் பாடி, இறைவனிடம் 12,000 பொன் பெற்றார் என்று பெரிய புராணம் சொல்கிறது. "பொன்னை இந்த ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்" என்று இறைவன் அருளினாராம்.

சுந்தரர் என்ன செய்தார்? ஆற்றில் போடுவதற்கு முன்பு, பொன்னில் கொஞ்சம் மச்சம் வெட்டிக் கையில் வைத்துக் கொண்டார். மச்சம் என்றால் மாதிரித் துண்டு. திருவாரூர்க் குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்த்தபோது, மாற்றுக் குறைந்திருந்தது! அவர் மறுபடியும் பாட, பொன் சரியான மாற்றுக்கு வந்தது. கமலாலயக் குளக்கரையில் மாற்றுரைத்த விநாயகர் இன்றும் இருக்கிறார். "ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது" என்ற பழமொழியும் இந்தக் கதையை ஒட்டியே வழங்குகிறது.

கடவுள் கொடுத்த பொன்னையே உரைத்துப் பார்த்தார் சுந்தரர்! கடவுளும் கோபித்துக் கொள்ளவில்லை. அப்படியிருக்க, தெருவிலே வந்தவன் கொடுப்பதை உரைக்காமல் வாங்கலாமா?

இந்தக் காலத்து மச்சம்

இப்போது நகைக்கு ஹால்மார்க் முத்திரை இருக்கிறது. 22 காரட் தங்கத்துக்கு '916' என்று போட்டிருக்கும். 1,000 பங்கில் 916 பங்கு தங்கம் என்பது அதன் பொருள். எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க அடையாளக் குறியும் நகையில் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளை இந்தக் குறியோடுதான் விற்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்தக் குறியைத் தட்டினால் நகையின் விவரம் தெரியும். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு நிமிஷ வேலை.

பீங்கானுக்கு முத்திரைகூட வேண்டாம்; காது போதும். விரிசல் இல்லாத பாத்திரம் தட்டினால் மணி போல ஒலிக்கும். விரிசல் விட்டது 'டொக்' என்று செத்த சத்தம் கொடுக்கும். விருத்தாசலத்தில் மின்சாரப் பியூஸ் போடுகிற பீங்கான் சாமான்களும் செய்கிறார்கள். அதிலே விரிசல் விட்டு ஈரம் புகுந்தால் மின்சாரம் கசியும், உயிருக்கே ஆபத்து. அங்கே தட்டிப் பார்ப்பது சிக்கன விஷயம் இல்லை. உயிர் விஷயம்.

லண்டன் மோதிரக்காரன் "எனக்கு அவசரம்" என்றான். புதையல்காரன் "யாரிடமும் சொல்லாதே" என்கிறான். சோதனைதான் போலிக்கு எமன். அதனால்தான் அந்த அவசரமும் ரகசியமும்.

அசல் அப்படி இல்லை. விருத்தாசலத்துக் கடைக்காரர் சொன்னதைக் கவனித்தீர்களா? "நல்லாத் தட்டிப் பாருங்கம்மா" என்றார். அந்த அம்மாள் குவளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ஆறு பொறுக்கி எடுத்துக் காசைக் கொடுத்தார். கடைக்காரர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கொண்டார்.

அதுதான் மூன்று சுழி போணி!