சோக் பெட்டி: சூடு வெளியேற வேண்டும், மழையும் விரலும் உள்ளே போகக் கூடாது

வாகரைப் பிரதேசத்துக்கு 2007 ஆம் ஆண்டு மக்கள் மீளத் திரும்பிய பின், வீடு, கிணறு, மலசலகூடம் என்பவற்றுக்கு அடுத்ததாகப் பல கிராமங்கள் கேட்பது வெளிச்சம். உப்பாற்றுக் களப்பிலும் கடலிலும் தொழில் செய்வோருக்கு இருட்டில் வள்ளம் வந்து சேரும் இறங்குதுறையில் விளக்கு வேண்டும். கட்டுமுறிவு, ஓமடியாமடு போன்ற உட்புறக் கிராமங்களில் யானை வரும் பக்கத்துக்கு விளக்கு வேண்டும். கோயில் திருவிழாவுக்கும் வேண்டும்.

தெருக்களுக்கு எல்.ஈ.டி. விளக்குகள் வந்த பிறகு, முன்பிருந்த மஞ்சள் நிறச் சோடியம் விளக்குகளும் நீல வெள்ளை நிற இரச ஆவி விளக்குகளும் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. சங்கங்களும் வாடிக்காரர்களும் அவற்றை வாங்கிப் பூட்டுகிறார்கள். விளக்கோடு வரும் பாரமான சோக்கை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல், கையில் அகப்பட்ட பெட்டிக்குள் வைத்து மரத்திலோ தூணிலோ கட்டிவிடுகிறார்கள். ஆபத்து அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

இந்த விளக்குக்குச் சோக் ஏன்?

சாதாரண மின்குமிழில் எரிவது ஒரு கம்பி. அந்தக் கம்பி தனக்குள் செல்லும் மின்னோட்டத்தைத் தானே மட்டுப்படுத்தும். சோடியம், இரச ஆவி, மெற்றல் ஹேலைட் விளக்குகளில் கம்பி எரிவதில்லை. சிறு குழாய்க்குள் இருக்கும் ஆவியூடாக மின்னோட்டம் பாய்ந்து ஒளி தருகிறது. அந்த ஆவி சூடாகச் சூடாக இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். தடுக்க ஒன்றுமில்லாவிட்டால் சில கணங்களில் விளக்கு வெடிக்கும் அல்லது ஃபியூஸ் எரியும். அதைத் தடுப்பதே சோக்கின் வேலை. இரும்புத் தகடுகளின் மேல் செப்புக் கம்பி சுற்றிய இந்தப் பொருள் 250 வாற்று விளக்குக்கு மூன்று, நான்கு கிலோ வரை நிறுக்கும்.

சோக் வேலை செய்யும்போது சூடாகும். 250 வாற்றுச் சோடியம் விளக்கின் சோக் ஏறத்தாழ 25 முதல் 30 வாற்று வரை வெறும் சூடாகவே வெளிவிடும். அதன் மேல் tw 130 என்று பொறித்திருந்தால், கம்பிச் சுற்று 130 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்பது பொருள். அந்த அளவைத் தாண்டினால் கம்பியின் மேலுள்ள காப்புப் பூச்சு விரைவாகக் கெடும். பூச்சு கெட்டால் மின்சாரம் சோக்கின் இரும்புக்கும், அங்கிருந்து பெட்டிக்கும் வரும்.

சோக்கோடு கூட இருப்பவை

*இக்னைற்றர்:* சோடியம், மெற்றல் ஹேலைட் விளக்குகளைப் பற்றவைப்பது இதுவே. 250, 400 வாற்று விளக்குகளுக்கு இது 3,000 முதல் 5,000 வோல்ற்று வரையான துடிப்புகளை அனுப்பும். சாதாரண இரச ஆவி விளக்குக்கு இது தேவையில்லை.

*கொள்ளளவி:* இது இல்லாவிட்டாலும் விளக்கு எரியும். ஆனால் 250 வாற்றுச் சோடியம் விளக்கு ஒன்று லைனிலிருந்து ஏறத்தாழ 3 அம்பியர் இழுக்கும். பொருத்தமான கொள்ளளவி இருந்தால் அது பாதியளவுக்குக் குறையும், வயரும் குறைவாகச் சூடாகும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் கொள்ளளவியில் மின் தங்கியிருக்கலாம் என்பதை மறவாதீர்கள்.

விளக்கு, சோக், இக்னைற்றர் மூன்றும் ஒரே வகைக்கும் ஒரே வாற்றுக்கும் உரியவையாக இருக்க வேண்டும். 400 வாற்றுச் சோக்கில் 250 வாற்று விளக்கைப் பூட்டினால் முதலில் நன்றாக எரிவதுபோலத் தோன்றும். பிறகு விளக்கு அளவுக்கு மீறிச் சூடாகி வெடிக்கலாம்.

எவை கூடாது?

* ரெஜிபோம் மீன் பெட்டி. மழை படாது என்று இதைத் தெரிவு செய்கிறார்கள். ஆனால் இது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும், உருகும், தீப்பிடிக்கும்.
* பிளாஸ்ரிக் வாளி, ஐஸ்கிறீம் பெட்டி. சூட்டில் இளகிச் சோக் கழன்று விழும்.
* பலகைப் பெட்டி. பல மாதம் சூடேறி உலர்ந்த பலகை எளிதில் தீப்பற்றும். கூரை கிடுகானால் சொல்ல வேண்டியதில்லை.
* பிஸ்கற் ரின். உலோகமாக இருந்தாலும் மெல்லியது, கடற்காற்றில் ஓரிரு மழைக்காலத்தில் துருப்பிடித்து ஓட்டையாகும். சோக்கின் பாரத்தையும் தாங்காது.

பெட்டியை எப்படிச் செய்வது?

மழையைத் தடுக்க மூடினால் சூடு அடைபடும். சூடு போக ஓட்டை போட்டால் உப்புக் காற்றும் எறும்பும் பல்லியும் போகும். கரையோரத்துக்கு ஏற்ற வழி, ஓட்டைகளை நம்பாமல் உலோகத்தின் பரப்பை நம்புவது. பெட்டி போதிய அளவு பெரிதாக இருந்தால் அதன் பக்கங்களே சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிடும்.

1. கல்வனைஸ் அல்லது அலுமினியத் தகட்டில் 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழம் கொண்ட பெட்டி 250 வாற்றுச் சோக் ஒன்றுக்குப் போதும். ஒரு பெட்டிக்குள் ஒரு சோக் மட்டும். இரண்டு விளக்கென்றால் இரண்டு பெட்டி.
2. சோக்கைப் பெட்டியின் பின் தகட்டோடு நேரடியாக நட்டுப் போட்டு இறுக்குங்கள். இடையில் பலகையோ இறப்பரோ வைக்க வேண்டாம். உலோகத்தோடு உலோகம் தொட்டால்தான் சூடு வெளியேறும்.
3. சூடு மேலே எழும். ஆகவே சோக்கை மேற்பக்கத்திலும் கொள்ளளவியையும் இக்னைற்றரையும் கீழ்ப்பக்கத்தில் தள்ளியும் வையுங்கள். அவை சோக்கைவிடக் குறைந்த சூட்டையே தாங்கும்.
4. மூடியின் மேல் விளிம்பு வெளியே நீண்டு தாழ்வாரம்போல் இருக்கட்டும். மூடியைச் சுற்றி இறப்பர் நாடா ஒட்டுங்கள். மூடியைக் கருவியின்றித் திறக்க முடியாதபடி திருகாணி போடுங்கள்.
5. பெட்டியின் அடியில் ஒரேயொரு சிறு துவாரம், 5 மி.மீ. அளவில் போடுங்கள். இரவுக் குளிரில் உள்ளே படியும் நீர் அதனூடாக வடியும். விரல் போகும் அளவுக்கு எந்தத் துவாரமும் இருக்கக் கூடாது.
6. வயர்கள் கீழிருந்தே நுழைய வேண்டும். நுழையுமுன் வயர் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். துவாரத்துக்கு இறப்பர் வளையம் போடுங்கள். தகட்டு விளிம்பு வயரை வெட்டும்.
7. பெட்டிக்குள் வெப்பம் தாங்கும் சிலிக்கோன் வயரைப் பயன்படுத்துங்கள். சாதாரண வீட்டு வயரின் உறை 70 பாகைக்கு உரியது.
8. பெட்டியைச் சிறுவர் கைக்கெட்டாத உயரத்திலும், மாரி வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலும், கூடியவரை நிழலிலும் பூட்டுங்கள். தூண் சோக்கின் பாரத்தைத் தாங்க வேண்டும்.

இக்னைற்றருக்கும் விளக்குக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பது அதன் மேல் எழுதப்பட்டிருக்கும். சில வகைகளுக்கு ஓரிரு மீற்றரே அளவு. அப்படியானால் சோக் கீழே பெட்டியில் இருக்க, இக்னைற்றர் விளக்கின் அருகே மேலே போக வேண்டும்.

எர்த் இல்லாத பெட்டி

உலோகப் பெட்டி செய்தவர் எர்த் போடாவிட்டால் அது பலகைப் பெட்டியைவிட ஆபத்தானது. சோக்கின் காப்பு கெட்ட நாளில் பெட்டி முழுவதிலும் 230 வோல்ற்று நிற்கும். விளக்கு வழமைபோல் எரிந்துகொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கடலில் இருந்து வெறுங்காலோடு ஈர மணலில் வந்து தூணைப் பிடிப்பவருக்கே அது தெரியவரும்.

சோக்கின் இரும்பு, பெட்டி, மூடி, இரும்புத் தூண் நான்கும் எர்த் வயரோடு இணைக்கப்பட வேண்டும். எர்த் கோலைக் காய்ந்த மேல் மணலில் அடித்தால் பயன் குறைவு. ஈரம் இருக்கும் ஆழம் வரை போக வேண்டும். லைனில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் கட்டாயம் இருக்க வேண்டும். எர்த்தை அளந்து பார்ப்பதும் வயர் இணைப்பதும் தகுதி பெற்ற மின்னிணைப்பாளரின் வேலை. பெட்டியை நீங்கள் செய்யலாம், இணைப்பை அவர் செய்யட்டும். மின்சார சபைக் கம்பியில் கொழுவி எடுப்பது சட்டவிரோதம். உயிருக்கும் ஆபத்து.

விளக்கு எரியத் தொடங்கிய பின்

* மின்சாரம் நின்று வந்தால் விளக்கு உடனே பற்றாது. சோடியத்துக்கு ஓரிரு நிமிடம், இரச ஆவிக்கு ஐந்து நிமிடமளவில், மெற்றல் ஹேலைட்டுக்குப் பத்து நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். பழுதென்று நினைத்துப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.
* சோடியம் விளக்கு எரிந்து, அணைந்து, மீண்டும் எரிந்தால் விளக்கின் ஆயுள் முடிகிறது. சுவிச்சை நிறுத்தி விளக்கை மாற்றுங்கள். விட்டுவைத்தால் இக்னைற்றர் ஓயாமல் துடித்துச் சோக்கையும் கெடுக்கும்.
* இரச ஆவி அல்லது மெற்றல் ஹேலைட் விளக்கின் வெளிக் கண்ணாடி உடைந்தும் எரிந்தால் உடனே நிறுத்துங்கள். அந்த ஒளி கண்ணையும் தோலையும் சுடும். உள்ளே இரசம் உண்டு. துண்டுகளை வெறுங்கையால் பொறுக்கவோ கிணற்றருகே, களப்பில் எறியவோ வேண்டாம்.
* எரிந்த வாடை, பெரிய இரைச்சல், கறுத்த வயர் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து மின்னிணைப்பாளரே திறக்கட்டும்.
* மாரி தொடங்குமுன், ஒவ்வொரு புரட்டாதியிலும், துரு, இறப்பர் நாடா, எர்த் இணைப்பு மூன்றையும் பாருங்கள்.

கணக்கும் பாருங்கள்

250 வாற்றுச் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்ந்து ஏறத்தாழ 280 வாற்று எடுக்கும். இரவில் பத்து மணித்தியாலம் எரிந்தால் 2.8 யுனிற், மாதம் 84 யுனிற். அதே இடத்துக்கு 100 வாற்று எல்.ஈ.டி. விளக்கு பெரும்பாலும் போதும். அதற்கு மாதம் 30 யுனிற், சோக் பெட்டியும் வேண்டாம். பழைய விளக்கு வாங்குமுன் சங்கக் கூட்டத்தில் இந்த இரண்டு கணக்கையும் வைத்துப் பேசுங்கள்.

வீதி விளக்கு பிரதேச சபையின் பொறுப்பு. இறங்குதுறைக்கோ கிராம எல்லைக்கோ விளக்குத் தேவையென்றால், முதலில் மீனவர் சங்கம் அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதியைக் கிராம சேவையாளரிடமும் கொடுத்து வையுங்கள். விளக்கு வந்த பின் அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரைச் சங்கம் நியமிக்கட்டும். மெயின் சுவிச் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமல்ல, அந்தத் துறைக்கு வரும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.