காஞ்சிபுரத்தில் ஒரு ராத்திரி தங்கலாமா? பகல் டிரிப்பில் தவறிப்போகும் திருப்பருத்திக்குன்றம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சென்னையில் கிளம்புகிறீர்கள். ஸ்ரீபெரும்புதூர் டிராஃபிக்கைத் தாண்டி, வழியில் டிபனை முடித்து, காஞ்சிபுரம் போய்ச் சேரும்போது மணி பத்தரை ஆகிவிடும். காமாட்சி அம்மனைப் பார்த்துவிட்டு ஏகாம்பரநாதர் கோயிலுக்கு ஓடினால் அங்கே நடை சாத்தும் நேரம். இங்கே பெரும்பாலான கோயில்கள் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். நடுவில் இருக்கும் நேரம் சாப்பாட்டுக்கும் பட்டுப்புடவைக் கடைக்கும் போய்விடும். ஐந்து மணிக்கு வண்டி மறுபடி சென்னை நோக்கித் திரும்பிவிடும்.

75 கி.மீ. தூரம்தானே, எதற்கு ரூம் போட வேண்டும் என்பதுதான் எல்லோருடைய கணக்கும். அந்தக் கணக்கில் எப்போதும் விட்டுப்போகும் ஊர் திருப்பருத்திக்குன்றம்.

அப்படி என்ன இருக்கிறது அங்கே?

பெரிய காஞ்சி, சின்ன காஞ்சி எல்லோருக்கும் தெரியும். முதலாவது சிவ காஞ்சி, இரண்டாவது விஷ்ணு காஞ்சி. மூன்றாவதாக ஜின காஞ்சி என்று ஒன்று உண்டு. நகரத்தின் தென்மேற்கே, வேகவதி ஆற்றை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம்தான் அது. பல்லவ மன்னன் சிம்மவர்மன் இந்த ஊரைச் சேர்ந்த வஜ்ரநந்தி என்ற சமண முனிவருக்கு நிலம் கொடுத்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு சொல்கிறது. அதாவது கைலாசநாதர் கோயில் எழுவதற்கு முன்பே இது சமணர்களின் ஊர்.

இங்கே அருகருகே இரண்டு கோயில்கள். ஒன்று சந்திரபிரபர் கோயில், பல்லவர் காலத்து மணற்கல் கட்டடம். இன்னொன்று மகாவீரருக்கான திரைலோக்கியநாதர் கோயில். சோழர்கள் காலத்திலும் விஜயநகர காலத்திலும் இது படிப்படியாகப் பெரிதாக வளர்ந்தது. இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பூஜையும் நடக்கிறது.

திரைலோக்கியநாதர் கோயிலில் பார்க்க வேண்டியது சங்கீத மண்டபம். 1387-88-ல் இதைக் கட்டியவர் விஜயநகர அரசின் அமைச்சரும் தளபதியுமான இருகப்பர். ஹம்பி போயிருக்கிறீர்களா? அங்கே கானகித்தி கோயில் என்று ஒரு சமணக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். 1385-ல் அதைக் கட்டியவரும் இவர்தான்.

மண்டபத்தில் நின்று தலையை நிமிர்த்துங்கள். விதானம் முழுக்க ஓவியம். ரிஷபதேவர், மகாவீரர், நேமிநாதர் ஆகியோரின் வாழ்க்கை வரிசை வரிசையாகக் காமிக்ஸ் பட்டைகள் மாதிரி ஓடுகிறது. படங்களுக்குக் கீழே தமிழில் குறிப்பும் உண்டு. கண்ணன் கதையும் வருகிறது. சமண மரபில் நேமிநாதர் கண்ணனுக்கு உறவுமுறை. தன் கல்யாண விருந்துக்காக அடைத்து வைத்த விலங்குகளைப் பார்த்து, கல்யாணமே வேண்டாம் என்று துறவுக்குப் போனவர். சில பகுதிகள் உதிர்ந்துவிட்டன, சில பிற்காலத்தில் மேலே தீட்டப்பட்டவை. டி.என். ராமச்சந்திரன் இந்தக் கோயில்களைப் பற்றி எழுதிய ஆய்வு நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1934-லேயே வெளியிட்டது. இன்றும் அதுதான் அடிப்படை.

இதையெல்லாம் பத்து நிமிடத்தில் பார்க்க முடியாது. கழுத்து வலிக்க வலிக்க நிற்க வேண்டும், கொஞ்சம் உட்கார வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். பகல் டிரிப்பில் அதற்கு இடமே இல்லை.

ஜப்பானில் எப்படி?

ஜப்பானுக்கு டூர் போகும் நம்மவர்கள் கியோட்டோவில் ஒரே நாளில் திரும்பிவிடுவதில்லை, கோயில்களுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று ராத்திரி தங்குகிறார்கள். கோயாசான் மலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களே விருந்தினருக்கு அறை கொடுக்கின்றன. இதற்கு ‘ஷுகுபோ’ என்று பெயர். சைவச் சாப்பாடு, விடியற்காலைப் பிரார்த்தனை, பாய் படுக்கை. நம்மூர் சத்திரத்தின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். நாம் சத்திரங்களைக் கைவிட்டோம், அவர்கள் காப்பாற்றி வைத்துக்கொண்டார்கள்.

கியோட்டோவுக்கு வந்த பிரச்சினையே வேறு, கூட்டம் தாங்கவில்லை. 2018 அக்டோபரில் தங்கும் வரி கொண்டுவந்தார்கள். ஓர் இரவுக்கு ஒருவருக்கு 1,000 யென்னாக இருந்த அதன் உச்சவரம்பை 2026 மார்ச் முதல் 10,000 யென் ஆக்கிவிட்டார்கள். காஞ்சியில் கதை தலைகீழ். கூட்டம் வருகிறது, ஆனால் தங்குவதில்லை. வருகிறவர்களின் காசு பார்க்கிங்குக்கும் புடவைக் கடைக்கும் போகிறது. திருப்பருத்திக்குன்றத்துக் கோயில் வாசலில் ஒரு டீக்கடைக்காரருக்குக்கூட அதில் பெரிதாகப் பங்கு இருக்காது. ஆள் வராத இடத்தின் ஓவியம் உதிர்ந்தால் கேட்கவும் ஆள் இருக்காது.

சரி, எங்கே தங்குவது?

கோயிலைப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்று ஆசைப்பட்டால் கொஞ்சம் கஷ்டம். கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள் உள்பட காஞ்சியின் பல பல்லவர் கோயில்கள் மத்திய தொல்லியல் துறையின் கீழ் வருகின்றன. 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். கைலாசநாதர் கோயில் வாசலில் ஏழு மாடி விடுதி எழாததற்கு இதுவும் ஒரு காரணம். சொல்லப்போனால் நல்ல காரணம்!

எனவே லாட்ஜும் ஓட்டலும் காந்தி ரோடு, பேருந்து நிலையம் பக்கம்தான். அங்கிருந்து திருப்பருத்திக்குன்றம் ஆட்டோவில் கால் மணி நேரம். ஆட்டோ பேசும்போதே "கடைக்கெல்லாம் வேணாம்ணே, நேரா கோயிலுக்குப் போங்க" என்று சொல்லிவிடுங்கள். "அஞ்சே நிமிஷம் சார், சும்மா பார்த்துட்டு வந்துடலாம்" என்பது ஒரு மணி நேரம் ஆகும்.

ரூமை மதியம் போட்டு, கோயில்கள் சாத்தியிருக்கும் நேரத்தில் தூங்கிவிடுங்கள். நாலு மணிக்குத் திருப்பருத்திக்குன்றம், இருட்டுவதற்குள் திரும்பினால் வரதராஜர் கோயில். மறுநாள் காலை ஆறரைக்குக் கைலாசநாதர். கிழக்கு பார்த்த கோயில், மணற்கல்லில் முதல் வெயில் விழுவதைப் பார்க்கலாம். அங்கிருந்து பிள்ளையார்பாளையம் தெருக்கள் பக்கம்தான். நெசவாளர் வீடுகளில் தறிச் சத்தம் கேட்டால், வாசலில் நின்று அனுமதி கேட்டுப் பாருங்கள். புடவை எங்கே நெய்யப்படுகிறது என்பது ஷோரூமில் தெரியாது.

வைகாசியில் வரதராஜர் பிரம்மோற்சவம், கருட சேவை நாட்களில் ரூம் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே புக் செய்யுங்கள். 2019-ல் அத்தி வரதர் தரிசனத்தின்போது 48 நாட்களில் சுமார் ஒரு கோடிப் பேர் வந்து ஊரே திணறியது நினைவிருக்கலாம். அடுத்தது 2059-ல்தான், அதற்கு இப்போதே அவசரமில்லை.

திருப்பருத்திக்குன்றம் கிளம்பும் முன் கோயில் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். விதான ஓவியங்கள் மீது ஃபிளாஷ் அடிக்காதீர்கள். வளாகத்துக்குள் இருக்கும் குரா மரத்தையும் கேட்டுப் பாருங்கள். அந்த மரம் ஓர் அளவுக்கு மேல் வளராது, குறையாது என்பது ஊர் நம்பிக்கை. அதைப் பற்றிய பாட்டு ஒன்று அங்கேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.