சலங்கை கட்டிய காலுக்குக் கித்தார் துணை!
எல்லைக்கு அப்பால் பிறந்த ‘நாட்டுப்புற ராக்’ கதை

பேரிகை:

பேரிகை கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் பதில் வரும். பேரம் கன்னடத்தில் முடியும். இங்கிருந்து ஓசூர், பெங்களூர் என்று வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். பஸ்சில் யாராவது செல்போனில் கன்னட நாட்டுப்புறப் பாட்டு போட்டால், கூடவே கித்தாரும் டிரம்மும் முழங்குகின்றன. ஊர்ப் பாட்டுக்கும் வெள்ளைக்காரன் வாத்தியத்துக்கும் எப்படி முடிச்சு விழுந்தது?

சம்பந்தப்பட்ட பாடகரே சொல்லும் கதை சுவையானது.

ரோஷத்தில் கற்ற வித்தை

மைசூரில் வளர்ந்தவர் ரகு தீட்சித். முறையாகப் பரதநாட்டியம் பயின்றவர். நுண்ணுயிரியலில் தங்கப்பதக்கம் வாங்கியவர். ஆண்பிள்ளை சலங்கை கட்டி ஆடுவதா என்று கல்லூரியில் ஒரு மாணவர் கேலி செய்தாராம். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கித்தார் வாசித்துக் காட்டுகிறேன் பார் என்று சவால் விட்டார். பாதிரியார் படிப்பு படித்துக்கொண்டிருந்த மாணவர்களிடம் போய்க் கற்றுக்கொண்டதாகப் பேட்டிகளில் கூறியிருக்கிறார்.

பிறகு பெல்ஜியம் நாட்டில் மருந்து கம்பெனி உத்தியோகம். அங்கே வானொலியில் பாட ஒரு வாய்ப்பு. அதுதான் திருப்பம். கைநிறையச் சம்பளத்தை உதறிவிட்டு ஊர் திரும்பினார்.

கைவிரித்த கம்பெனிகள்

அந்த நாளில் பெங்களூரில் ‘ராக்’ என்றாலே இங்கிலீஷ்தான். கன்னடத்தில் ராக்கா? இசைக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்தன. கடைசியில் இந்திப்பட இசையமைப்பாளர்கள் விஷால் - சேகர் சொந்தக் கம்பெனி தொடங்கி, 2008-ல் அவருடைய ஆல்பத்தை வெளியிட்டார்கள்.

அதில் ஒரு பாட்டு, 1889-ல் மறைந்த சிசுநாள ஷரீப் பாடியது. ஷரீப் முஸ்லிம், அவருடைய குரு கோவிந்த பட்டர் பிராமணர். ஹூக்கா பிடிப்பதை வைத்தே தத்துவம் சொன்ன அந்தப் பழம்பாட்டு, கித்தாரோடு சேர்ந்து இளவட்டங்களை ஆட்டம் போட வைத்தது. 2010-ல் லண்டன் பி.பி.சி. டெலிவிஷனிலும் ரகு தீட்சித் குழு பாடியது.

இது புதுசும் அல்ல. அமெரிக்காவில் ‘பேர்ட்ஸ்’ என்ற ராக் குழு 1968-ல் இதைத்தான் செய்தது. பெரிசுகள் கேட்கிற பட்டிக்காட்டுப் பாட்டு என்று வாலிபர்கள் ஒதுக்கிய இசையை எடுத்து ஆல்பம் போட்டது.

தாகம் எடுத்த காவிரி

பெங்களூரின் இன்னொரு குழு ‘ஸ்வராத்மா’. 2009-ல் வந்த இவர்களுடைய முதல் ஆல்பத்தில் ‘பியாசி’ என்று ஒரு பாட்டு. தாகம் எடுத்தவள் என்று அர்த்தம். காவிரிக்காக இரு மாநிலமும் சண்டை போட, அந்த நதியின் வேதனையைச் சொல்லும் பாட்டு இது.

அதன் அருமை எல்லைக்காரனுக்குத்தான் தெரியும். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தன. எல்லையில் பஸ் போக்குவரத்து நின்றது. அத்திப்பள்ளியில் இறங்கி, மூட்டை முடிச்சோடு, குழந்தை குட்டிகளோடு ஜூஜூவாடிக்கு நடந்தே வந்தார்கள் நம் ஜனங்கள். பாட்டு கலவரத்தை நிறுத்தாதுதான். ஆனாலும் அந்தப் பக்கத்து வாலிபர்கள் யாரையும் திட்டாமல் நதிக்காகப் பாடினார்களே, அது லேசுப்பட்ட காரியமா?

நம்ம பக்கம்?

சென்னையில் 2018 ஜனவரியில் டைரக்டர் பா.ரஞ்சித் ஆதரவில் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு மேடை ஏறியது. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா, கித்தாரோடு கம்பீரமாக நின்றது.

கிருஷ்ணகிரி ஜில்லாவில் பம்பைக்கும் தெருக்கூத்துக்கும் பஞ்சமில்லை. பம்பைக்காரர் மகன் பாக்டரி வேலைக்குப் போகிறான். அப்பன் தொழிலைச் சொல்லக் கூச்சப்படுகிறான். தவணையில் ஒரு கித்தார் வாங்கினால், தம்பி, முதல் பாட்டுக்கு வெளியே தேட வேண்டாம்.

அப்பாவைக் கேளுங்கள். அவரிடம் இருக்கிறது!